மகாராணிக்கு மருந்து

பொறுமைக்காரன் என்று அவனுக்குப் பேர் வைத்தவர்கள் ஒரு நாளும் அவன் வீட்டு வாசற்படி ஏறியவர்கள் இல்லை. ஏறியிருந்தால் வைத்த பேரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஏரிக்கரையில் மூன்று தூண்டிலைப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தான் என்றால் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை அசையமாட்டான். மழை பெய்தாலும் சரி, பல் கிட்டுகிற குளிரானாலும் சரி, ஒரு கெண்டைகூட எட்டிப் பார்க்காவிட்டாலும் சரி, முகம் கோணாது. எங்கிருந்தோ பிழைக்க வந்தவன் நம்மைவிட நம் மீனை மதிக்கிறானே என்று அந்த ஊர்க்காரர்களுக்கே ஆச்சரியம். தோளில் தட்டி, அவர்கள் மொழியில் அந்தப் பேரை வைத்தார்கள். வீட்டில் சோறு வர ஐந்து நிமிஷம் தாமதமானால் தட்டு பறக்கும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

அவன் பெண்டாட்டிக்கும் பட்டப்பேர் உண்டு. மீன் ஆலையில் அவளைக் குட்டைக்கத்தி என்பார்கள். உள்ளங்கை சின்னது என்று மேஸ்திரி அவளுக்கு மட்டும் ஒரு குட்டைக் கத்தியைத் தேடிப்பிடித்துக் கொடுத்திருந்தார். மூன்று வருஷமாக அதுதான் அவள் கையில். கடல்மீன் பெல்ட்டில் வரிசையாக வரும். செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு, முள்ளை ஒட்டி வால்வரைக்கும் ஒரு இழுப்பு, திருப்பிப் போட்டு மறுபடி ஒரு இழுப்பு. தலையும் முள்ளும் இடப்பக்கக் குழாயில், சதை வலப்பக்கத் தட்டில். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். காலுக்குக் கீழே ரத்தமும் பனிக்கட்டித் தண்ணீரும் ஓடும். கையுறைக்குள் விரல் மரத்துக் கிடக்கும். வெட்டுப்பட்டால்கூட வீட்டுக்கு வந்து வெந்நீரில் விட்ட பிறகுதான் எரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆலையின் சாப்பாட்டு அறையில் தராசக்கா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சதைத் தட்டுகளை நிறுத்து அனுப்புவது தராசக்காவின் வேலை. நிறுத்துப் பழகின கண். யார் முகத்தில் எவ்வளவு வீக்கம் என்பதையும் ஒரே பார்வையில் நிறுத்துவிடுவாள்.

"திங்கக்கிழமைதானே உனக்குப் பெர்மிட் கார்டு ஆபீஸ்?"

"ஆமாக்கா. காலையில ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"பாஸ்போர்ட்?"

குட்டைக்கத்தி டப்பாவில் இருந்த சோற்றைக் கிளறினாள்.

"இன்னும் அந்தத் தூண்டில் பெட்டிக்குள்ளதான் கிடக்கா?"

"அதுலதான். பூட்டி வச்சிருக்காரு. சாவி அவர் கழுத்துல கயித்துல தொங்குது."

"நல்ல கூத்துடி. பொண்டாட்டி பாஸ்போர்ட்டை எவனாவது புழு டப்பாவோட வைப்பானா?"

"புழு இல்லக்கா. கெண்டைக்குப் புழு போடமாட்டாங்க. மாவு உருண்டைதான்."

"ஆமா, இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்." தராசக்கா குரலைத் தாழ்த்தினாள். "கார்டு முடிஞ்சா மேஸ்திரி உன்னை ஒரு நாள்கூட உள்ள விடமாட்டாரு. கத்தியை வாங்கிக்கிட்டு அனுப்பிருவாரு. அப்புறம் நாலு சுவத்துக்குள்ள கிட. அவனுக்கு வேண்டியதும் அதானே? வாயைத் திறந்து கேளு."

"கேட்டா அடிப்பாருக்கா."

"கேக்காட்டி அடிக்கலையா?"

போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரி சத்தம் கேட்டுப் போலீசைக் கூப்பிட்டாள். படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவன் அவர்கள் மொழியில் சொன்னான். இவளுக்குப் பாஷை அரைகுறை, பயமோ முழுசு. இவள் தலையாட்டினாள். வந்தவர்கள் போய்விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் தலையாட்டினதற்கும் சேர்த்து அவன் அடித்தான்.

"எங்க வீட்டுல ஒரு கட்டில் சும்மாதான் கிடக்கு" என்றாள் தராசக்கா. "எப்ப வேணா வா. ஆனா பாஸ்போர்ட்டோட வா. அது இல்லாம வந்தா ரெண்டே நாள்ல நீயே திரும்பிப் போய் நிப்ப. நான் பாத்திருக்கேன்."

சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவன் ஏரிக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தான். கூடத்தில் தூண்டில் பெட்டி, சுருட்டின கூடாரம், ஈரம் காயாத பாய். மேசைமேல் அவள் நேற்று உருட்டி அவித்துக் காயவைத்த இரை உருண்டைகள் ஒரு வாளி நிறைய. மாவு, முட்டை, மீன்தூள், கொஞ்சம் வாசனை எசென்ஸ். நெல்லிக்காய் அளவில் உருட்டி இரண்டு நிமிஷம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கவேண்டும். அளவு பார்க்க அவன் ஒரு இரும்பு வளையம் வைத்திருந்தான். உருண்டை அதற்குள் போகவேண்டும், ஆனால் வழுக்கி விழக்கூடாது. விழுந்தால் அவளுக்கு விழும். வாரம் முந்நூறு உருண்டை. தனக்குக்கூட அவள் இத்தனை பக்குவமாகச் சமைத்துச் சாப்பிட்டதில்லை.

"என்னங்க, திங்கக்கிழமை எனக்குப் பாஸ்போர்ட் வேணும்."

அவன் நூலைச் சுற்றிக்கொண்டே, "எதுக்கு?" என்றான். குரல் மெதுவாகத்தான் வந்தது. அவனுடைய மெதுவான குரல்தான் ஆபத்து.

"கார்டு மாத்தணும். இல்லாட்டி வேலை போயிரும்."

"போகட்டும்."

"மூணு வருஷ வேலைங்க."

"மீன் தலையை வெட்டுற வேலைக்கு என்ன பீத்தல்! யாரு ஏத்திவிட்டா? அந்தத் தராசுக்காரியா?"

"யாரும் ஏத்திவிடல. அது என் பாஸ்போர்ட்தானே. குடுங்க."

'என்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. புறங்கையால் ஒரு அறை விட்டான். மோதிரம் கீழுதட்டில் பட்டுப் பிளந்தது. அவள் மேசையைப் பிடிக்கப் போய், வாளி சரிந்து, முந்நூறு உருண்டையும் தரையெல்லாம் ஓடின. அவன் அடிக்க வந்த வேகத்தில் அவன் பூட்சுக் காலே பாதியை நசுக்கியது. அதற்கும் அவள்தான் காரணம் என்று ஆயிற்று. தண்ணீரோரத்தில் தூண்டிலைத் தாங்க நட்டு வைக்கிற இரும்புக் கம்பியை எடுத்தான். இடது முன்கையில் நாலு அடி. வலது கையை விட்டுவிட்டான். கருணையால் இல்லை, உருண்டை உருட்ட அந்தக் கை வேண்டும்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஒரு வாளி உருண்டை ஏரிக்கு வரணும். பஸ் இருக்கில்ல? எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, கூடாரத்தையும் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அவன் வண்டி தெருமுனை திரும்பி அரை மணிகூட ஆகவில்லை, போன் அடித்தது. நாத்தனார். இரண்டு தெரு தள்ளி இருப்பவள். இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததே அவள்தான். அடித்தவன் முந்திக்கொண்டு அக்காவிடம் புகார் செய்துவிட்டுப் போயிருந்தான்.

"என்னம்மா, மறுபடியும் எதிர்த்துப் பேசினியாமே? அவன் நாலு நாள் உழைச்சுட்டு ரெண்டு நாள் நிம்மதியா மீன் புடிக்கப் போறான். கிளம்புற நேரத்துலயா வம்பு?"

"பாஸ்போர்ட் கேட்டேன் அண்ணி."

"அவன்கிட்ட இருந்தா என்ன, உன்கிட்ட இருந்தா என்ன? புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன வேத்துமை? பொறுத்துப் போம்மா. அடிக்கிற கைதான் அணைக்கும்."

மூன்று வருஷமாக நாத்தனார் இந்த ஒரே மருந்தைத்தான் எல்லாக் காயத்துக்கும் கொடுத்து வந்தாள். குட்டைக்கத்தி உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு, "எப்ப அணைக்கும் அண்ணி?" என்று கேட்டாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. மாவு பிசையணும், வச்சுடறேன்."

சனிக்கிழமை காலை தூறலாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, வலது கையில் வாளியுடன் மண்பாதையில் அரை மணி நேரம் நடந்தாள். ஏரி சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது. கரையில் இருபதடிக்கு ஒரு கூடாரம். மூன்று வருஷத்தில் அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. அவன் முன்னால் மூன்று தூண்டில், இரும்புக் கம்பிகள்மேல் ஒழுங்காகக் கிடந்தன. அதில் எந்தக் கம்பி தன் கையில் விழுந்தது என்று அவள் பார்த்தவுடன் கண்டுகொண்டாள்.

"இவ்வளவு நேரமா?" என்று வாளியை வாங்கினான். இரும்பு வளையத்தில் நாலைந்து உருண்டையை விட்டுப் பார்த்தான். குறை இல்லை. "அடுத்த பஸ் ரெண்டு மணிக்குத்தான். அதுவரைக்கும் அந்த மரத்தடியில நில்லு. குறுக்க வராத."

பக்கத்துக் கூடாரத்துத் தாடிக்காரன் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். உதட்டைப் பார்த்தான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏரிக்காரரும் ரப்பர் பூட்ஸ் சரசரக்க வந்தார். எழுபதை நெருங்கியவர், ஏரி அவருடையது. அவரும் பார்த்தார். அவரும் காட்டிக்கொள்ளவில்லை. நாகரிகமான மனிதர்கள்.

பன்னிரண்டு மணிக்கு நடுத்தூண்டிலின் மணி அலறியது. நூல் சுருள் பம்பரமாகச் சுற்ற, அவன் ஒரே பாய்ச்சலில் தூண்டிலைத் தூக்கினான். கோல் வில்லாக வளைந்தது. அரை மணி நேரம் அவனுக்கும் தண்ணீருக்குள் இருந்ததற்கும் மல்லுக்கட்டு. மீன் இழுத்தால் விட்டுக் கொடுத்தான், அது அசந்தால் மெதுவாக அழைத்தான். ஒரு முறைகூட முரட்டுத்தனமாக இழுக்கவில்லை. கடைசியில் நீரைக் கிழித்துக்கொண்டு ஒரு முதுகு தெரிந்ததும் தாடிக்காரன் கத்தினான்.

"மகாராணி! அது மகாராணி!"

அந்த ஏரியிலேயே பெரிய கெண்டை அது. முப்பத்தோரு வயசு. குட்டைக்கத்திக்கு இருபத்தெட்டு, மீனே மூத்தவள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் யார் கையிலாவது சிக்கும். சிக்கினாலும் அங்கே யாரும் கெண்டையைத் தின்னமாட்டார்கள். ஈரப் பாயில் கிடத்தி, எடை பார்த்து, மண்டி போட்டபடி பாய்க்கு மேலேயே ஏந்திக்கொண்டு, வலப்பக்கம் ஒரு படம், இடப்பக்கம் ஒரு படம் எடுத்து, தண்ணீரில் விட்டுவிடவேண்டும். மீனோடு எழுந்து நிற்கக்கூடாது, கை தவறக்கூடாது. ஏரிக்காரர் கொலையைக்கூட மன்னிப்பார், இந்தச் சட்டத்தை மீறினால் மன்னிக்கமாட்டார்.

அவன் மகாராணியைப் பாயில் கிடத்தி, தண்ணீரை மொண்டு மொண்டு உடம்பெல்லாம் ஊற்றினான். கொக்கி எடுத்த இடத்தில் உதடு கிழிந்து ரத்தம் கசிந்தது. அவன் முகம் வெளுத்துப்போயிற்று. ஒரு கை தலையிலும் ஒரு கை வயிற்றிலுமாக, திரும்பிப் பாராமலே தமிழில் கத்தினான்.

"ஏய், மருந்து! பெட்டிக்குள்ள நீலப் புட்டி. என்னால கையை எடுக்க முடியாது. கழுத்துல சாவி இருக்கு பாரு, எடு. சீக்கிரம்டி!"

அவள் குனிந்து, அவன் கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய், கயிற்றைத் தலைவழியாக உருவினாள். அவன் தலையைத் தாழ்த்திக் கொடுத்தான். பெட்டி திறந்தது. மேல்தட்டிலேயே நீலப் புட்டியும் பஞ்சும் இருந்தன. எடுத்து நீட்டினாள். அவன் பஞ்சை நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மீனின் கிழிந்த உதட்டில் ஒற்றினான்.

"வலிக்குதாடா தங்கம்? இதோ, இதோ முடிஞ்சுது. கொஞ்சம் பொறுத்துக்கடா. என் செல்லம்ல? என் ராசாத்தில்ல?"

குட்டைக்கத்தி பார்த்துக்கொண்டே நின்றாள். இவனுக்குத் தெரியாது என்று அல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள். கோபக்காரன், வளர்ந்த விதம் அப்படி, கை அவனை மீறிப் போய்விடுகிறது என்றெல்லாம் தனக்குத்தானே எத்தனை சமாதானம் சொல்லியிருப்பாள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உதடு கிழிந்தால் வலிக்கும் என்பதும் தெரியும், மருந்து போடவும் தெரியும். அவள் நாக்கால் தன் உதட்டைத் தொட்டாள். அழுகை வரவில்லை.

பெட்டியின் மேல்தட்டைத் தூக்கினாள். அடியில் ஈயக்கட்டிகளுக்கும் நூல் உருளைகளுக்கும் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட் இருந்தது. எடுத்தாள்.

அதற்குள் எடை பார்த்து முடித்திருந்தார்கள். இருபத்திரண்டு கிலோ. ஏரிக்காரர் நோட்டில் எழுதினார். பொறுமைக்காரன் மண்டி போட்டு மீனை இரண்டு கையாலும் ஏந்த, தாடிக்காரன் கேமராவைத் தூக்கினான். சிரிக்கச் சொன்னான். சிரித்தபடியே திரும்பிய அவன் கண்ணில் அவள் கையிலிருந்தது பட்டது. சிரிப்பு அப்படியே இருந்தது. வாய்க்குள்ளிருந்து தமிழ் மட்டும் மெதுவாக வந்தது.

"எடுத்த இடத்துல வை."

"மாட்டேன்."

"வைடி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீங்க சிரிங்க. போட்டோ எடுக்குறாரு."

தாடிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்டாட்டி பாராட்டுகிறாள் என்று நினைத்து அவனும் சிரித்தான். ஏரிக்காரர், "அடுத்த பக்கம் திருப்பு" என்றார்.

அவன் மீனைத் திருப்பிப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "வீட்டுக்கு வருவல்ல? வா. இன்னைக்கு உன் கையை ஒடிச்சுப் போடல, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

"வீட்டுக்கு வரமாட்டேன்."

"எங்கடி போவ? போக்கத்த நாயே, யாருடி இருக்கா உனக்கு?"

"நேத்து ராத்திரி இந்த உதட்டுக்கு என்ன போட்டேன்னு கேட்டீங்களா?" என்றாள் அவள். "உப்புத் தண்ணி. அவ்வளவுதான் வீட்டுல இருந்துச்சு. மருந்து உங்க பெட்டிக்குள்ள பூட்டிக் கிடந்துச்சு. மீனுக்குன்னு."

"வாயை மூடு."

"அடிக்கிற கை அணைக்கும் அணைக்கும்னு அண்ணி சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நல்லாத்தான் அணைக்குது. பாத்துட்டேன். நான் வர்றேன்."

பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பாதையை நோக்கி நடந்தாள். நாலடிகூடப் போயிருக்கமாட்டாள். பின்னால் ஏரிக்காரர், "எழுந்திருக்காதே! எழுந்திருக்காதே!" என்று அலறினார். பொறுமைக்காரன் மீனோடு எழுந்து நின்றுவிட்டான். ஒரு கணம் அவனுக்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. கையில் இருபத்திரண்டு கிலோ உயிர், கண்ணெதிரில் போய்க்கொண்டிருந்த பெண்டாட்டி. அப்புறம் மகாராணியைச் சரளைக்கல்மேல் வீசிவிட்டு ஓடிவந்தான்.

பின்மயிரைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவள் மல்லாந்து விழுந்தாள். முகத்தில் ஒரு குத்து விட்டான். பழைய காயம் பிரிந்து வாயெல்லாம் ரத்தம். விலாவில் பூட்ஸால் உதைத்தான். சட்டைக்குள் கையை விட்டு உறையைப் பிடுங்கப் பார்த்தான். அவள் குப்புறப் புரண்டு, நெஞ்சைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டாள். முதுகில் உதைத்தான். கொடு கொடு என்று உதைத்தான். அவள் கொடுக்கவில்லை.

அப்போதுதான் அவன் அவள்மேலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டான். தாடிக்காரன் சட்டையைப் பிடித்துத் திருப்பி மூக்கில் ஒன்று விட்டான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த கூடாரங்களிலிருந்து ஓடிவந்த இரண்டு பேர் அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். அத்தனை நாகரிகமான மனிதர்கள், அழுதுகொண்டே மிதித்தார்கள். அடிக்கு நடுவில் அவர்கள் கத்தினது அவளுடைய அரைகுறைப் பாஷைக்கும் புரிந்தது.

"முப்பத்தோரு வருஷம்டா! அதை எப்படி வீசின? எப்படி வீசின நீ?"

ஏரிக்காரர் மீனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி, அதை நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். கைவிட்டால் மல்லாந்தது. மறுபடி நிமிர்த்தினார், மறுபடி மல்லாந்தது. கால்மணி நேரத்துக்கு மேலே ஆயிற்று. கடைசியில் அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறினார். பொறுமைக்காரன் உடைந்த மூக்கோடு உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்வை மீன்மேல் இருந்தது.

அந்த மீன்மேல் அவளுக்கு என்ன பகை? பாவம், வாயில்லாத ஜீவன். நாம் அவனைச் சீண்டாமல் போயிருந்தால் பிழைத்திருக்குமோ என்று ஒரு குத்தல் எழுந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் மீனின் தலையை வெட்டுகிறவளுக்கு அந்த ஒரு மீனைப் பார்க்கத் தாங்கவில்லை.

ஏரிக்காரர் போன் செய்து வரவழைத்த போலீஸ் வண்டி அவனை ஏற்றிக்கொண்டு போனது. புகார் எழுத ஸ்டேஷனுக்கு வரும்படி மற்றவர்களிடம் சொல்லிப் போனார்கள். ஏரிக்காரர் மகாராணியை ஈரப் பாயில் சுற்றித் தன் வண்டியின் பின்பக்கம் வைத்தார். மரத்தடியில் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளிடம் வந்தார்.

"நீங்களும் வரணும். சாட்சி வேணும். நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க." அப்புறம் ஏதோ நினைவு வந்ததுபோல அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கும் அடிபட்டுச்சா?"

அந்த 'உங்களுக்கும்' அவள் நெஞ்சில் போய்க் குத்தியது. சிரிக்கலாம் என்று பார்த்தாள், உதடு விடவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டாள். போகும் வழியில் தராசக்காவுக்குப் போன் போட்டு, "கட்டில் இருக்காக்கா?" என்றாள்.

"பாஸ்போர்ட்?"

"சட்டைக்குள்ள இருக்கு."

"எங்கடி இருக்க? நான் வர்றேன்" என்றாள் தராசக்கா.

ஸ்டேஷனில் அதிகாரி சின்ன வயசுக்காரர், அவரும் மீன் பிடிக்கிறவர் போலிருக்கிறது. மகாராணி என்றதும் எழுந்து நின்றுவிட்டார். ஏரிக்காரர் சொல்லச் சொல்ல எழுதினார். மீனின் வயசு, எடை, நீளம், எந்த வருஷம் யார் கையில் சிக்கியது, எத்தனை அடி உயரத்திலிருந்து வீசப்பட்டது. ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கமும் நிரம்பியது. தாடிக்காரன் கேமராவை மேசைமேல் வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். கரையில் இருந்த பதற்றத்தில் அவன் விரல் பொத்தானை விட்டிருக்கவே இல்லை. வலப்பக்கம், இடப்பக்கம், எழுந்து நிற்கிறவன், காற்றில் மீன், கல்மேல் மீன். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் உச்சுக்கொட்டினார். கடைசிப் படத்தைப் பாதி பார்த்துவிட்டு, "இதுல மீன் இல்லையே" என்று கேமராவை அணைக்கப் போனார்.

அவள் கையை நீட்டி அவர் விரலைத் தடுத்தாள். அந்தப் படத்தின் மூலையில், அவன் கை ஒரு பெண்ணின் மயிரைச் சுற்றியிருந்தது. இன்னொரு கை அவள் முகத்துக்கு அரையடி தூரத்தில் ஓங்கியிருந்தது.

ஏரிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

குட்டைக்கத்தி இடது கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டினாள். நாலு கோடும் கறுத்துத் தடித்துப் போயிருந்தன. அதைப் படத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். போன வருஷம் தலையாட்டின அதே பாஷையில், தெரிந்த சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தாள்.

"நான் படியில விழல" என்றாள். "இதையும் எழுதுங்க."

அதிகாரி புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.